சொல்லக் கூடாத உத்தியோகம்

காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸைச் சுற்றி எல்லாம் பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடங்கள். அப்பாவின் வேலையைப் பற்றி வெளியே வாய் திறக்கக் கூடாதென்று பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே சொல்லி வைப்போம். யாராவது கேட்டால் "சென்ட்ரல் கவர்ன்மென்ட்". அவ்வளவுதான். என் வீட்டில் அந்தச் சட்டம் கொஞ்சம் கூடுதலாகவே அமலில் இருந்தது. கேட்பவர்கள் என்னை ஏவுகணை விஞ்ஞானி என்று நினைத்துக்கொள்வது எனக்குப் பிடித்திருந்தது.

ஊரே அமெரிக்கா என்று பறந்த காலத்தில் என் மகளுக்கு மட்டும் ஜெர்மனி. அங்கே ஒரு பல்கலைக்கழகம் இடம் தருவதாகச் சொல்லியிருந்தது. மொழித்தேர்வில் தேறினால்தான் நிச்சயம். செகந்திராபாத் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் ஜெர்மன் படித்தாள். வீட்டில் சட்னி கேட்பதுகூட ஜெர்மனில்தான். "நக்கோடி, வேணாம்டி, உனக்குத் தமிழே தகராறு" என்பாள் அவள் அம்மா, இந்த ஊர் உருதையும் கலந்து.

பேச்சுத் தேர்வில் எதிரே ஆள் கிடையாது. ஹெட்போனில் கேள்வி வரும், மைக்கில் பதில் சொல்ல வேண்டும். நேரம் முடிந்தால் அதுவே அடுத்த கேள்விக்குப் போய்விடும்.

எழுதிவிட்டு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஹாஸ்டல்ல கூட இருக்கற பொண்ணு கேக்கற மாதிரி ஒரு கேள்விப்பா. உங்கப்பா என்ன வேலை செய்யறார், விவரமா சொல்லுன்னு."

"என்ன சொன்னே?"

"கவர்ன்மென்ட்னேன். அப்புறம் சும்மா உக்காந்திருந்தேன். அந்தப் பதட்டத்துல அடுத்த ரெண்டும் போச்சு."

"டாக்டர், வக்கீல்னு ஏதாவது அடிச்சுவிட வேண்டியதுதானே?"

"பொய் சொல்ற அளவுக்கு எனக்கு ஜெர்மன் வராதுப்பா" என்று சிரித்தாள். "இப்பவாவது சொல்லுங்க. ராக்கெட்டா?"

"பஸ்" என்றேன்.

ஊழியர்களை ஏற்றிவரும் பஸ்கள் எந்த வழியாக, எந்த நேரத்துக்கு வர வேண்டும் என்று பார்க்கும் நிர்வாக அதிகாரி நான். கேட்டருகே நின்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

"இதுல என்ன சீக்ரெட்?"

"ஒண்ணுமில்லே."

"அப்போ கைக்கு? எதுக்கு இத்தனை வருஷம் மறைச்சீங்க?"

வெறும் ஜம்பம் என்று அன்று சொல்லியிருக்க வேண்டும். சாப்பிட வா என்றேன்.

பேச்சுத் தேர்வில் ஒரு படி குறைந்து பல்கலைக்கழகத்தில் அந்த இடம் போயிற்று. மாதாப்பூரில் ஒரு மென்பொருள் கம்பெனி அவளை உடனே எடுத்துக்கொண்டது. "மறுபடி எழுதேன்" என்று காலையில் ஆரம்பிப்பேன். "ஹவ் ஹவ், சரி சரி, பாக்கலாம்" என்று ஓடிவிடுவாள். பக்கத்து பிளாக் பெண் ஜெர்மன் புத்தகங்களைக் கேட்டு வந்தபோது எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொடுத்தாள். அதன் பிறகு நானும் அவளை மறுபடி எழுதச் சொல்வதை விட்டுவிட்டேன்.