இன்ஜின் கொதிக்குது, ரேடியேட்டர் ஜில்லுனு இருக்கு

போன வெள்ளிக்கிழமை. எளாவூர் தாண்டி ஹைவே ஓரத்தில் ஒரு காரின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். இன்ஜின் கொதித்தது. ரேடியேட்டரைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது.

அப்படி இருக்கக் கூடாது. இருபத்திரண்டு வருஷமாக கும்மிடிப்பூண்டி பைபாஸில் ரேடியேட்டர் வேலை பார்க்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

கார் ஸ்டெல்லாவுடையது. சிப்காட்டில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். சின்னக் கார்தான். ஆனால் சூப்பர்சார்ஜர் மாட்டியிருக்கிறாள். இன்ஜின் தானாக இழுக்கிற காற்று போதாது என்று, அமுக்கி உள்ளே தள்ளுகிற மெஷின். அந்த அமுக்கத்துக்குப் பேர் பூஸ்ட். அதுவும் போதவில்லை அந்தப் பெண்ணுக்கு. அந்த மெஷினைச் சுற்றுகிற புல்லியைச் சின்னதாக மாற்றி, இன்னும் வேகமாகச் சுற்ற வைத்து பூஸ்டை ஏற்றினாள். கூடவே சூடும் ஏறியது.

காற்றை அமுக்கினால் ஏன் சூடாக வேண்டும்? சைக்கிளுக்குப் பம்ப் அடித்திருக்கிறீர்களா? அடிப்பக்கம் தொட்டுப் பாருங்கள். எனக்கும் அவ்வளவுதான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு ரேஸ் டீம் ஆள் எடுக்கிறது. சொந்தக் காரில் ஓட்டிக் காட்ட வேண்டும். இடம் ஒன்றுதான். அதற்குள் சூட்டில் இன்ஜினின் ஹெட் கேஸ்கட் போனால்... கார் இல்லை. இடமும் இல்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. தடிமனான ரேடியேட்டர் போட்டேன். ஃபேனை இரண்டாக்கினேன். ஹோஸ் எல்லாம் புதுசு. அமுக்கிய காற்றைக் குளிர வைக்கிற இன்டர்கூலரைக் கழுவினேன். அதற்குக் காற்று போகாமல் மறைத்த நம்பர் பிளேட்டைக் கீழே இறக்கினேன்.

சூடு குறைய வேண்டும் இல்லையா? கூடியது. கார் என்னிடம் வந்தபோது நன்றாக மிதித்தால்தான் சூடு காட்டுகிற முள் ஏறும். நான் கை வைத்த பிறகு சும்மா போனாலே ஏறுகிறது. எதுவும் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். பக்கத்துப் பட்டறை வெல்டர் பாபுவும் ஏறிக்கொண்டான். வேடிக்கை பார்க்க.

எளாவூர் தாண்டியதும் முள் சிவப்பைத் தொட்டது. ஸ்டெல்லா ஓரங்கட்டினாள்.

"நைனா, நீ வேல பாக்காம இருந்தாலே வண்டி நல்லா ஓடும் போலகீது" என்றான் பாபு.

"கம்முனு இரு."

"நான் கம்முனுதான் கீறேன். முள்ளுதான் பேசுது."

ரேடியேட்டர் ஜில். கீழ் ஹோஸும் ஜில். இன்ஜின் பக்கத்தில் விரல் தடிமனில் ஒரு சின்ன ஹோஸ் இருந்தது. தொட்டேன். நெருப்பு.

அப்படியென்றால் தண்ணீர் ரேடியேட்டருக்கே சரியாகப் போகவில்லை. இன்ஜினிலிருந்து வந்து, சின்ன வழியில் திரும்ப இன்ஜினுக்கே போகிறது. பிறகு நான் ரேடியேட்டரைப் பெரிதாக்கி என்ன பிரயோஜனம்?

"இன்னா இன்னா செஞ்சீங்கண்ணா? ஒன்னு விடாம சொல்லுங்க" என்றாள் ஸ்டெல்லா.

சொன்னேன். ரேடியேட்டர், ஃபேன், ஹோஸ், இன்டர்கூலர், நம்பர் பிளேட்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"மொத நாளே வால்வு கயட்டுனியே, அத சொல்லல?" என்றான் பாபு.

"அது எப்பவும் கயட்றதுதானே!"

தெர்மோஸ்டாட் வால்வு. இன்ஜின் சூடாகிற வரை தண்ணீரைப் பிடித்து வைக்கும். சூடானதும் திறந்து ரேடியேட்டருக்கு விடும். நம்ம ஊர் வெயிலுக்கு அது எதற்கு என்று எல்லா மெக்கானிக்கும் முதலில் அதைத்தான் கழற்றுவோம். அதை ஒரு வேலை என்றே நினைப்பதில்லை.

ஸ்டெல்லா போனில் ஒரு படம் எடுத்துக் காட்டினாள். வால்வு பெரிய வழியைத் திறக்கும்போது, அதன் அடித்தட்டு அந்தச் சின்ன வழியை மூட வேண்டுமாம். வால்வு இல்லாவிட்டால் யார் மூடுவது?

எனக்கு இது தெரியாது.

அவள் போனைப் பையில் போட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

"வால்வ தூக்கிப் போட்டுட்டீங்களா?"

"இல்லம்மா. கடைலதான் கீது."

"அப்ப வாங்க, போலாம்."

இன்ஜின் ஆறியதும் மெதுவாகத் திரும்பினோம். டீக்கடையில் பாத்திரம் வாங்கி, வெந்நீரில் வால்வைப் போட்டுப் பார்த்தேன். திறந்தது. மாட்டினேன். சனிக்கிழமை ஆரம்பாக்கம் வரை மிதித்துக்கொண்டு போய் வந்தாள். முள் பாதியைத் தாண்டவில்லை.

ஞாயிறு மதியம் போன் வந்தது.

"அண்ணா, முள்ளு அசையவே இல்ல."

"எடம்?"

"கெடச்சிருச்சிண்ணா!"

"நல்லதும்மா" என்றேன்.

சந்தோஷம்தான். ஆனால் தூக்கம் இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை வண்டிக்குக் கழற்றியிருப்பேன்? எல்லாம் ஓடிக்கொண்டுதானே இருக்கின்றன? இல்லை, நான் கழற்றியதால்தான் சிலது கொதித்ததா? சூடாகுது என்று திரும்பி வந்தவர்களுக்குப் பெரிய ரேடியேட்டர் போட்டுக் கொடுத்தேனே... அதை என்னவென்று சொல்வது?

திங்கட்கிழமை ஊத்துக்கோட்டையிலிருந்து ஒரு வேன் வந்தது. ரேடியேட்டர் அடைப்பு. எடுத்துக் கொடுத்தேன்.

"வால்வ கயட்டிட்டியாபா?" என்றார் டிரைவர்.

"இல்லண்ணே. அது இருக்கணும்."

என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாபா, இத்தினி வருசமா கட வச்சிக்கினு கீற. இதுகூடத் தெரியாதா?"

வேனை எதிர்க் கடைக்கு ஓட்டிக்கொண்டு போனார். இங்கிருந்தே பார்த்தேன். அங்கே முதலில் வால்வைத்தான் கழற்றினார்கள்.