கம்ப்யூட்டர் வாய் திறக்காத பௌர்ணமி

அந்த நாட்களில் எங்கள் வீட்டில் காலையில் முதலில் பேசுவது கம்ப்யூட்டர்தான். என் மகளுக்குக் கண் தெரியாது. நாலு வயதில் தட்டம்மை போட்டது, இறங்கும்போது பார்வையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. திரையில் வரும் எழுத்தையெல்லாம் வாய்விட்டுப் படித்துச் சொல்கிற ஒரு சாஃப்ட்வேரை, அவள் சென்னையில் பயிற்சி எடுத்த இடத்தில் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அது ஆண் குரலில், இங்கிலீஷில், மூச்சு விடாமல் பேசும். என் மனைவி அதற்குத் 'தொரை' என்று பெயர் வைத்திருந்தாள். "தொரை எழுந்துட்டாரா?" என்று கேட்டுக்கொண்டேதான் மகளுக்குக் காப்பி கொண்டுபோவாள்.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ, சரியாக நினைவில்லை. ஒரு சித்திரா பௌர்ணமி அன்று தொரை வாயே திறக்கவில்லை.

வேறு நாளாக இருந்தால் போகிறது என்று விட்டிருப்போம். அன்று சாயங்காலம் ஆறு மணிக்குள் அவள் ஒரு பரீட்சையை முடித்து அனுப்ப வேண்டும். அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாயால் சொல்லிப் பதிவு செய்வதை, இங்கே காதால் கேட்டு டைப் அடித்துக் கொடுக்கிற வேலை. சென்னைக் கம்பெனி ஒன்று, வீட்டிலிருந்தே செய்யலாம் என்று சொல்லி, முதலில் ஒரு பதிவை மெயிலில் அனுப்பியிருந்தது. அடித்துக் காட்டினால் வேலை. நேரம் தப்பினால் இல்லை.

வேலையைவிட அவளுக்கு வேறொன்று பெரிதாக இருந்தது. பத்தாவதிலிருந்து பி.ஏ. வரை எல்லாப் பரீட்சையும் அவள் சொல்லச் சொல்ல இன்னொருத்தர் எழுதியது. ஒரு தடவை எழுத வந்த பெண் பாதிப் பதிலை விட்டுவிட்டு எழுதியது பிறகுதான் தெரிந்தது. "இதுதாம்பா நானே எழுதப்போற மொத பரீட்சை" என்று அந்த வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பதிவைத் திறக்க எங்கள் கம்ப்யூட்டரில் இருந்த பழைய ஓ.எஸ். போதவில்லை. அதை விற்ற மெக்கானிக் தம்பி பெட்டியைத் தன் கடைக்கு எடுத்துப்போய், பழையதற்கு மேலேயே புதியதைப் போட்டு, முந்தின நாள் சாயங்காலம் கொண்டுவந்து மாட்டினார். அந்த நேரம் பார்த்து கரண்ட் இல்லை. காலையில் போட்டுப் பாருங்கள், எல்லாம் ஜோராக ஓடும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

காலையில் போட்டோம். விசிறி சுற்றியது, படம் வந்தது. மகள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். பிறகு ஒரு பொத்தானை அழுத்தினாள். இன்னொன்றை அழுத்தினாள்.

"அப்பா, படம் வந்துடுச்சா?"

"வந்துடுச்சும்மா. பச்சைப் புல்லு, வானம் எல்லாம் இருக்குது."

"அப்ப ஏன் பேசல?"

ஸ்பீக்கரில் விளக்கு எரிந்தது. ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினேன். என் மனைவி அதன் தலையில் இரண்டு தட்டு தட்டினாள். ஸ்பீக்கரை எங்கள் ரேடியோவில் மாட்டிப் பார்த்தேன், அதில் நன்றாகப் பாடியது. காதில் மாட்டுகிற ஹெட்போனைச் சொருகினாலும் சத்தம் இல்லை. கோளாறு பெட்டிக்குள்ளேதான் என்று எனக்கே புரிந்துவிட்டது.

மெக்கானிக்குக்குப் போன் போட்டால், தொடர்புகொள்ள முடியவில்லை என்றது. பௌர்ணமியில் ஊரே செல்போனும் கையுமாக வந்து இறங்கினால் எந்த லைன் கிடைக்கும்? சைக்கிளை எடுத்துக்கொண்டு வேங்கிக்காலில் அவர் கடை வரை போனேன். கடை ஷட்டர் இறங்கியிருந்தது. பக்கத்து டீக்கடைக்காரர், அவர் கிரிவலப் பாதையில் அன்னதானப் பந்தலில் இருக்கிறார், எந்தப் பந்தல் என்று தெரியாது என்றார். எத்தனையோ பந்தல். பாதி ரோட்டைப் போலீஸ் அடைத்திருந்தது. கூட்டத்துக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தேன். எல்லோரும் 'அரோகரா' என்று போகிறார்கள், எனக்கு வாய் வரவில்லை. பிரவுசிங் சென்டருக்கும் போக முடியாது, அங்கே பேசுகிற கம்ப்யூட்டர் கிடையாது.

வீட்டுக்கு வந்தபோது மகள் அதே நாற்காலியில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தாள். காலைப் பலகாரம் தொடாமல் இருந்தது. அவர் கிடைக்கவில்லை என்று சொன்னேன். கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, "நீ பக்கத்துல ஒக்காருப்பா. நாமளே பாக்கலாம்" என்றாள்.

நான் எட்டாவது வரை படித்தவன். மல்லாட்டை மண்டியில் வேலை. எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர். மூட்டை மேல் அச்சடித்திருக்கும் இங்கிலீஷ் பெரிய எழுத்துகள் எனக்குப் பழக்கம். சின்ன எழுத்து தடுமாறும். அர்த்தம் சுத்தமாகத் தெரியாது. அவளுக்கு இங்கிலீஷும் தெரியும், கம்ப்யூட்டரும் தெரியும், திரையில் இருப்பது தெரியாது. இரண்டு பேரையும் சேர்த்தால்தான் ஒரு ஆள்.

"கீழே வலது பக்கம் மணி காட்டுதா?"

"காட்டுது."

"அதுக்குப் பக்கத்துல ஒரு ஸ்பீக்கர் படம் இருக்கணும்."

முன்பு பார்த்திருக்கிறேன், சின்னதாகக் குழாய் மாதிரி இருக்கும். அன்று இல்லை. அதைச் சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது. ஞாபகத்திலிருந்தே ஏதேதோ பொத்தான்களை அழுத்தினாள். திரையில் ஒரு கட்டம் திறந்தது, அதற்கு மேல் இன்னொன்று. ஒவ்வொன்றாக என்ன தெரிகிறது என்று கேட்டாள். நான் எழுத்தெழுத்தாகச் சொல்ல, அவள் தலையாட்டி அடுத்ததற்குப் போனாள். கடைசியில் ஒரு பெரிய பட்டியல் வந்தது. அதன் நடுவில் ஒரு மஞ்சள் வட்டம் இருந்தது. உள்ளே கறுப்பாக ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே ஒரு புள்ளி.

அதைச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதுக்கு எதிர்ல என்ன எழுதியிருக்குது? அவசரப்படாத. ஒண்ணொண்ணா சொல்லு."

"எம். அப்புறம் யு. அப்புறம் ஒரு குச்சி."

"குச்சி மேல புள்ளி இருக்குதா?"

"இல்ல."

"அப்ப எல். அடுத்து?"

"கூட்டல் போட்ட மாதிரி. அப்புறம் இன்னொரு குச்சி, இதுக்குப் புள்ளி இருக்குது."

"மல்டிமீடியா" என்றாள். மூச்சு விட்டாள். "சவுண்ட் கார்டு உள்ள இருக்குதுனு அதுக்குத் தெரியுதுப்பா. அதோட எப்படிப் பேசறதுனுதான் தெரியல. புதுசு போட்டதுல அது மறந்துபோச்சு. வாங்கினப்ப ஒரு சி.டி. குடுத்தாரே, அதுல இருக்கும். அத எடு."

எடுக்க நான் தேடவே வேண்டியதில்லை. மெக்கானிக் அதைக் கொடுக்கும்போது, "இதான்ணா கம்ப்யூட்டரோட உசுரு, பத்திரமா வெச்சுக்கங்க" என்று சொல்லியிருந்தார். உயிர் என்றால் எங்கே வைப்பது? பூஜை அறையில், அண்ணாமலையார் படத்துக்குக் கீழே வைத்தேன். அங்கேயேதான் இருந்தது. கொண்டுவந்து சொருகினேன். பெட்டி உர்ரென்று இரைந்தது, நின்றது, மறுபடியும் இரைந்தது, அடங்கிவிட்டது. திரையில் ஒன்றும் வரவில்லை. இன்னொரு தடவை போட்டோம். அதே கதைதான்.

"வெளிய எடுத்து எங்கிட்ட குடு" என்றாள்.

இரண்டு பக்கமும் விரலால் தடவினாள். பெயர் அச்சடித்த பக்கம் வழவழவென்று போயிற்று. மற்றப் பக்கம் விரல் நின்றுவிட்டது. மறுபடி தடவினாள்.

"என்னப்பா இது? மூணு எடத்துல மேடா இருக்குது."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆயுத பூஜை அன்று மானிட்டருக்கும் கீபோர்டுக்கும் பொட்டு வைத்தபோது, உயிருக்கும் வைத்தேன். கண்ணாடி மாதிரிப் பளபளவென்று இருக்கும் பக்கத்தைத்தான் அதன் முகம் என்று நினைத்து, சந்தனம் குழைத்து, மேலே குங்குமமும் வைத்திருந்தேன். மாதக்கணக்கில் அது கல்லாய் இறுகியிருந்தது.

"சந்தனம்மா" என்றேன்.

அவள் அந்த மூன்று இடத்தையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "அந்தப் பக்கம்தாம்பா எழுதியிருக்கறது எல்லாம். நீ அதோட கண்ணுல வெச்சிருக்கற" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. நான் மாடிப்படி ஏறிப் போனேன். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் மலை நேரே தெரியும். அவள் கண்ணுக்காக அந்த மலையை நான் சுற்றாத பௌர்ணமி கிடையாது. அதைக் கேட்டுக் கேட்டு ஓய்ந்து, பல வருஷமாக எதுவும் கேட்காமல்தான் சுற்றிக்கொண்டிருந்தேன். அன்று நின்று கேட்டேன். கண் வேண்டாம் சாமி, அந்தக் குரலை மட்டும் கொடு, உன்னை நினைத்து வைத்த பொட்டால் அவளுக்குக் கெடுதல் வரக்கூடாது என்று கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் கீழிருந்து மனைவி கூப்பிட்டாள்.

போய்ப் பார்த்தால், அவள் தன் பழைய நூல் புடவையைக் கிழித்து வைத்திருந்தாள். மகள் சொல்லிக்கொண்டிருந்தாள்: நகம் படக்கூடாது, வட்டமாகத் துடைக்கக்கூடாது, நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராக இழுக்க வேண்டும், கீறல் விழுந்தால் அவ்வளவுதான். சாமி பேரில் வைத்த பொட்டைப் பௌர்ணமி அன்று அழிப்பதா என்று என் கை தயங்கியது. மனைவி என் கையிலிருந்து சி.டி.யை வாங்கிக்கொண்டாள்.

"சாமி ஒண்ணும் கோச்சுக்காது. இத்தினி நாளு பொட்டோட இருந்துச்சு இல்ல, போதும்."

ஈரத் துணியை வைத்துச் சந்தனத்தை ஊறவிட்டாள். பிறகு குழந்தைக்குக் கண்ணில் பூளை எடுப்பதுபோல் மெல்ல மெல்ல இழுத்தாள். மகள் நடுநடுவே விரலை வைத்துப் பார்த்து, இங்கே இன்னும் இருக்குது, இங்கே கம்மியாயிடுச்சு என்று சொன்னாள். வெயில் உச்சியைத் தாண்டிவிட்டது. யாரும் சாப்பிடவில்லை. தெருவில் கிரிவலத்துக்குப் போகிறவர்கள் பேச்சுச் சத்தம் ஜாஸ்தியாகிக்கொண்டே இருந்தது.

மறுபடி சொருகினோம். இரைந்தது. நின்றது. மகள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். மறுபடி இரைந்து, கடகடவென்று ஏதோ படித்தது. திரையில் நீலமாக ஒரு படம் வந்தது.

அதில் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்துத்தான் அழுத்த வேண்டுமாம். அவளுக்கு மவுஸ் வேண்டியதில்லை என்பதால் அது மேஜைக்குப் பின்னால் தூசியோடு கிடந்தது. எடுத்துத் துடைத்துக் கையில் பிடித்தேன். மூட்டை தூக்கிய கைக்கு அது அடங்கவில்லை. அம்பு ஒரு பக்கம் போகச் சொன்னால் இன்னொரு பக்கம் ஓடியது. எழுத்துகளைப் படித்துச் சொன்னேன், அவள் மூன்றாவதை அழுத்தச் சொன்னாள். பிறகு என்னென்னவோ கேட்டது. ஒவ்வொன்றுக்கும் நான் குச்சியும் புள்ளியுமாகச் சொல்ல, அவள் கீபோர்டில் சரி என்று தட்டினாள். கடைசியில் கம்ப்யூட்டர் தானாக அணைந்து திரை கறுத்துவிட்டது.

"போச்சும்மா, எல்லாம் கறுப்பாயிடுச்சு" என்றேன்.

"இருப்பா. திரும்ப வரும்."

அந்தக் கறுப்பு அவளுக்குப் பழக்கம், எனக்கு இல்லை. படம் வந்தது. டொய்ங் என்று ஒரு மணி அடித்தது. அதற்குப் பிறகு தொரை பேச ஆரம்பித்தார். என்ன சொன்னார் என்று எனக்கென்ன தெரியும்? காலையிலிருந்து அடக்கி வைத்ததையெல்லாம் கொட்டுகிற மாதிரி பேசினார். என் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மகள் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள். "மணி என்னப்பா?" என்றாள். மூன்றரை தாண்டியிருந்தது. தலையாட்டினாள். "நீ கதவ சாத்திட்டு வெளிய இரு. இனிமே நான் பாத்துக்கறேன்."

காலையிலிருந்து எழுத்தெழுத்தாகச் சொன்ன வாய், நான் பக்கத்திலேயே இருக்கிறேனே என்று சொல்லப் பார்த்தது. அடக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

வாசல் படியில் உட்கார்ந்தேன். எதிர்வீட்டு அம்மாள் கிரிவலத்துக்குக் கூப்பிட வந்தாள். என் மனைவி உதட்டில் விரலை வைத்துக் காட்டி அனுப்பிவிட்டாள். உள்ளே கீபோர்டு சத்தம் மழை மாதிரி கேட்டது. திடீரென்று நின்றது. நான் எழுந்து நின்றேன். மனைவி என் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். மறுபடி சத்தம் கேட்டது. இப்படியே எத்தனை தடவை நின்றதோ, அத்தனை தடவையும் நான் கதவைத் திரும்பிப் பார்த்தேன். கதவைத் திறந்து கேட்கக்கூடாது என்று மட்டும் தெரிந்தது.

வெயில் சுவரை விட்டுப் போன பிறகு, ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கதவு திறந்தது. சுவரைத் தொட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"அனுப்பிட்டேம்மா. ரெண்டு எடத்துல மருந்து பேரு புரியல. காலியா விட்டுட்டேன்."

"ஏன் காலியா விட்ட? ஏதாச்சும் போட வேண்டியதுதான?" என்றாள் மனைவி.

"தெரியாதத தெரியலனு விடணும். இஷ்டத்துக்குப் போட்டா அங்க ஒரு உசுரு போயிடும். பசிக்குதும்மா, சோறு போடு."

அடுத்த வாரமே அந்தக் கம்பெனி இரண்டாவது பதிவை அனுப்பியது. வேலை அவளுக்குத்தான். ஆனால் அன்று அது எங்களுக்குத் தெரியாது. காலை இட்லியையும் மத்தியானச் சோற்றையும் சேர்த்து ஒரே தட்டில் வைத்துச் சாப்பிட்டாள். பதிவில் என்னதான் இருந்தது என்று கேட்டேன். நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு வயசான அம்மாளைப் பற்றியாம். என்ன சாப்பிட்டாள், எங்கே வலித்தது, என்ன ஊசி போட்டார்கள், எல்லாம் டாக்டர் சொன்னாராம்.

"அந்தம்மா பொழச்சுக்கிச்சா?"

"அது வரைக்கும் சொல்லலப்பா. அதுக்குள்ள பதிவு முடிஞ்சுபோச்சு."

துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ராஜகோபுரத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றும்போது, எங்கேயோ அமெரிக்காவில் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் அந்த அம்மாளுக்காகவும் கும்பிட்டுக்கொண்டு, மலை சுற்ற நடந்தேன்.