மனுக் கட்டில் போன காகிதம்

1. சேர்ந்த நாள்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஹெல்பர், வானகரத்தில் லோடு வண்டி, ஆவடியில் கேன்டீன் என்று எந்த வேலையிலும் நிலைத்ததில்லை. ஐம்பதைத் தாண்டிய பிறகு ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராகச் சேர்த்துக்கொண்டார்கள். வீடு வீடாக நடக்கிற வேலை. நடப்பது எனக்குக் கஷ்டமில்லை.

நாடு முழுக்கப் புற்றுநோய்ச் சிகிச்சை எப்படி இருக்க வேண்டும் என்று மக்களிடமே கேட்டுத் திட்டம் போடப் போவதாகச் சொன்னார்கள். அதற்கான படிவத்தை நாங்கள் நிரப்பி வர வேண்டும். படிவத்தில் பெயரும் இல்லை, போன் நம்பரும் இல்லை. கேட்டால் மக்கள் பயந்து பேச மாட்டார்கள் என்பது காரணம்.

முதல் நாள் சூப்பர்வைசர் வனிதா மேடம் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"படிவத்தைப் பார்த்தாலே நம்ம ஜனங்க மனு எழுத ஆரம்பிச்சிடுவாங்க. நமக்கு வேண்டியது கருத்து. மனுவா வந்தா தனியாக் கட்டி வச்சிடுங்க."

சொன்ன மாதிரியேதான் நடந்தது. கொரட்டூரில் ஒரு பெரியவர் தெருவிளக்கு வேண்டும் என்றார். "இது கேன்சர் பத்தினது சார்" என்றேன். "இருட்டுல உழுந்து கால் ஒடஞ்சா எங்க போவேன்? அதே ஆஸ்பத்திரிதான நைனா. எழுதிக்கோ" என்றார். ஆவடி குவார்ட்டர்ஸில் ஒருவர், "எல்லாத்துக்கும் நன்றுன்னு போட்டுக்கப்பா, எனக்கு ஷிஃப்டுக்கு நேரமாச்சு" என்று கதவைச் சாத்தினார். 'நன்று' என்பது கருத்து. தெருவிளக்கு மனு. இரண்டு கட்டாகப் பிரித்துக்கொண்டே போனேன்.

2. கஸ்தூரி

செம்பரம்பாக்கத்தில் குடோன்களுக்குப் பின்னால் ஒரு வரிசை ஷீட் போட்ட வீடுகள். அதில் ஒன்றில் கஸ்தூரி இருந்தாள். குடோனில் பேக்கிங் வேலை. மார்பில் கட்டி எடுத்து, ஊசிகளும் போட்டு முடித்திருந்தார்கள். தலையில் ஸ்கார்ஃப் கட்டியிருந்தாள். அடுத்த மாதம் கரண்ட் வைக்க ஆரம்பிக்க வேண்டும். கதிர்வீச்சுச் சிகிச்சையை இங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

"டாக்டரம்மா தங்கமானவங்க. மருந்துல ஒரு கொறை சொல்ல மாட்டேன் அண்ணே. கரண்ட்டுக்குத் தினமும் வரணுமாம், அஞ்சு வாரம். டோக்கன் காலைல மட்டும்தான் குடுக்கறாங்க. தினம் காலைல அங்க போய் நின்னா குடோன்ல என்னை வச்சிக்குவாங்களா? மதியத்துக்கு ஒரு டோக்கன் குடுத்தா அரை ஷிஃப்ட் பாத்துட்டு ஓடிடுவேன். எனக்கு அது மட்டும் எழுதிக் குடு."

"அதுக்கு வழி இல்லன்னா?"

"கரண்ட்டை உட்ற வேண்டியதுதான். வேலை போச்சுன்னா சோத்துக்கு இன்னா பண்றது?"

சொன்னபடி எழுதினேன். 'எனக்கு' என்று கேட்டதால் மனுக் கட்டில் வைத்தேன்.

3. கட்டு அவிழ்ந்த நாள்

அம்பத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் ஏற்பாடாகியிருந்தது. அதற்கு மூன்று நாள் முன்பு மேடம் கூப்பிட்டார்.

"உங்க ஏரியா முழுக்க எல்லாம் நன்றுன்னே இருக்கு. அவ்வளவு நல்லாவா நடக்குது?"

"மனுவெல்லாம் தனியா வீட்டுல இருக்கு மேடம்."

எடுத்துவரச் சொல்லி, ஒவ்வொன்றாகப் படித்தார். கஸ்தூரியின் காகிதத்தில் கை நின்றது.

"இது மனுவா?"

"தனக்கு வேணும்னு கேக்கறாங்களே மேடம்."

"தனக்கு வேணாததை யாருங்க கேப்பாங்க?" என்றார். காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு, "தப்பு என்னுது. பிரிக்கச் சொன்னது நான்தான். அறிக்கை போயிடுச்சு. இனிமே காகிதம் செல்லாது. அவங்களையே கூட்டிட்டு வாங்க" என்றார்.

கஸ்தூரி என்னைப் பார்த்ததும், "இன்னா அண்ணே, மறுபடியும் பேப்பரா?" என்றாள். இல்லை, வந்து பேச வேண்டும் என்றேன். "எனக்குப் பேசத் தெரிஞ்சா எலெக்சன்ல நின்னுருப்பேன்" என்று சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் வந்தாள்.

மேடையில் வெளியூர் அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். கஸ்தூரி பாதி சொல்வதற்குள், "உங்க சொந்தக் கோரிக்கையை மனுவாக் குடுத்துட்டுப் போங்கம்மா" என்றார். நான் பிரித்த மாதிரியே அவரும் பிரித்தார்.

அவள் மைக்கை விடவில்லை. "மனு இல்ல சார். மனுன்னா உங்க காலாண்ட வச்சிட்டுப் போயிருப்பேன்" என்றாள். கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "கரண்ட் வச்சிக்கினவங்க யாராவது கீறீங்களா? வேலை போனவங்க கையத் தூக்குங்க."

நான்கைந்து கைகள் எழுந்தன. பிறகு இன்னும் சில. கடைசி வரிசையில் ஓர் ஆள் தன் மனைவியின் கையைப் பிடித்துத் தூக்கினார். அதிகாரி பேனாவைத் திறந்து எழுதினார்.

திரும்பும்போது பூந்தமல்லி பஸ்ஸில் மண்டபத்தில் கொடுத்த எலுமிச்சைச் சாதத்தைப் பிரித்தாள். "ஊசி போட்டதுலேர்ந்து காரம் ஒத்துக்கல, நீ துன்னு" என்று ஊறுகாயை என்னிடம் தள்ளினாள். ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டாள்.

"மாத்துவாங்களா?"

"மாத்துவாங்க" என்றேன். எனக்குத் தெரியாது.

"மாத்துனா வந்து சொல்லு. அதுவரைக்கும் எப்டியாவது ஓட்டிப் பாக்கறேன்."

4. அதற்குப் பிறகு

அடுத்த மாதம் போனபோது அவள் வீட்டில் வேறு குடும்பம் இருந்தது. குடோனில் நிறுத்திவிட்டார்களாம். தன் அண்ணன் ஊருக்குப் போனதாகப் பக்கத்து வீட்டுப் பெண் சொன்னார். எந்த ஊர் என்று தெரியவில்லை. கரண்ட் வைத்துக்கொண்டாளா என்றும் தெரியவில்லை. என்னிடம் போன் நம்பர் இல்லை.

ஓராண்டு கழித்து, கஸ்தூரி போய்க்கொண்டிருந்த ஆஸ்பத்திரியில் மதியம் இரண்டு மணிக்கும் டோக்கன் கொடுக்க ஆரம்பித்தார்கள். அவள் பேசியதாலா என்று யாரும் எழுதிவைக்கவில்லை. இந்த வேலைக்கு முன் எதிலும் இரண்டு வருடம் இருந்ததில்லை. இதில் ஏழு வருடம் இருந்தேன். ஊர் ஊராக நடக்கிற வேலை என்பதால் எங்காவது எதிர்ப்படுவாள் என்ற எண்ணம்தான் பாதிக் காரணம்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. ஒருவர் தனக்கென்று கேட்பதைத் தனியாகக் கட்டி வைக்காதீர்கள். கேட்டுவிட்டு வந்த வாசலுக்குத் திரும்பிப் போக வழி வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் சம்மதித்தால் நம்பரை உங்கள் நோட்டிலாவது குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போதும் சில நாள் அந்த ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் மதியம் உட்காருவேன். இரண்டு மணி டோக்கன் வாங்கப் பெண்கள் வேலை முடிந்த உடையிலேயே ஓடி வருவார்கள். ஸ்கார்ஃப் கட்டிய தலை தெரிந்தால் எழுந்து நிற்பேன். கடைசி ஆள் உள்ளே போகும்வரை இருந்துவிட்டு பஸ் ஏறுவேன்.