பவளம் எழுந்து நின்றாள், நான் உட்கார்ந்திருந்தேன்

ஈயம் உருகும் புகை வாசனை... ஷிப்ட் முடிந்து வந்து இரண்டு தரம் குளித்தாலும் தலைமுடியை விட்டுப் போகாது.

அப்போது செனாய் பக்கம் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் பேக்டரியில் வேலை. நானும் பவளக்கொடியும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. கூலாயில் ஒரே வாடகை அறை, ஒரே மெத்தை.

ஆமாம், இந்த வாரம் நீங்கள் எல்லாரும் போட்டோ போட்டுக் கொண்டாடுகிறீர்களே, அதே பவளக்கொடிதான். அவளுடைய கட்சிக்குத் தேசியத் தலைவராகியிருக்கும் முதல் பெண். "பெருமையா இருக்கு" என்று நீங்கள் எழுதுகிறீர்கள்.

எனக்குப் பொறாமையாக இருக்கிறது. சொல்லிவிட்டேன்.

அவள் பெக்கோக் எஸ்டேட்டுப் பெண். பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு படிப்பு முடிந்துவிட்டது. நான் குளுவாங்கில் கான்வென்ட்டில் ஐந்தாம் படிவம் வரை படித்தவள். மலாயில் எப்போதும் நான்தான் முதல். லீவு லெட்டர் வேண்டுமென்றால் லைனில் இருக்கும் பெண்கள் எல்லாரும் "பிலோ, எழுதிக் குடு" என்று என்னிடம்தான் வருவார்கள். பவளமும்தான்.

அந்த பேக்டரியில் நாற்பது பெண்களுக்கு ஒரே ஓர் அட்டை. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் டாய்லெட் போக முடியும். ஒருத்தி திரும்பி வரும்வரை மற்றவர்கள் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஒருநாள் எங்கள் லைனில் வேலை செய்த சல்மா அக்கா, ஏழு மாதக் கர்ப்பிணி, நாற்காலியிலேயே சிறுநீர் கழித்துவிட்டாள். சத்தம் போடாமல் அழுதாள். கை மட்டும் நிற்கவில்லை, போர்டுகளில் ஈயம் வைத்துச் சால்டர் செய்துகொண்டே இருந்தது...

அன்று கேன்டீனில் முடிவாயிற்று. மாதக் கூட்டத்துக்கு மேனேஜர் வரும்போது யாராவது எழுந்து கேட்க வேண்டும்.

"பிலோ பேசட்டும் லா. அவ மலாய்தான் க்ளீனா இருக்கும்" என்றாள் பவளம்.

நான் சரி என்றேன். ஒன்றரைப் பக்கம் எழுதினேன். குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தேன். பவளம் வெளியே நின்று கேட்டுவிட்டு, "அலமாக்! மந்திரி மாதிரியே பேசற டீ" என்றாள்.

கூட்டத்துக்கு முதல் நாள் சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அடுத்த மாசம் லைன் லீடர் நீதான். பேர் குடுத்துட்டேன். இந்த நேரத்துல பிரச்சினை ஏதும் வேணாம், என்ன?"

இதைப் பவளத்திடம் நான் சொல்லவில்லை.

மறுநாள் மேனேஜர் பேசி முடித்துவிட்டு, ஏதாவது கேள்வி உண்டா என்று கேட்டார். நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். பேப்பர் என் மடியில் இருந்தது. நான் என் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பவளம் என்னை ஒரு தரம் பார்த்தாள். அப்புறம் அந்தப் பேப்பரை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நான் எழுதிய பெரிய பெரிய மலாய் வார்த்தைகள் அவளுக்குப் படிக்க வரவில்லை. மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, உடைந்த மலாயில் சொன்னாள்:

"துவான், எங்களுக்கு டாய்லெட் போவணும். அவ்ளோதான். கேக்கறதுக்கே வெக்கமா இருக்கு. குடுக்காத உங்களுக்கு வெக்கமா இல்லயா?"

முதலில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் கைத்தட்டல் எழுந்தது... நானும் தட்டினேன். எல்லாருக்கும் கடைசியாக.

இரண்டு வாரத்தில் அந்த அட்டை முறையே எடுக்கப்பட்டது. மூன்று மாதத்தில் பவளத்தின் கான்ட்ராக்டும் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. எனக்கு லைன் லீடரின் நீலத் தொப்பி கிடைத்தது.

அதன் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. வேலை போன பெண்கள் அவளைத் தேடி வந்தார்கள். அவர்களோடு லேபர் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தாள். கட்சியில் சேர்ந்தாள். நாங்கள் குடியிருந்த தொகுதியிலேயே சட்டமன்றத்துக்கு நின்றாள்.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்று. அந்தத் தேர்தலில் நான் ஓட்டுப் போடப் போகவில்லை. கால் வலி என்று என் கணவரிடம் சொன்னேன். கொஞ்சம் ஓட்டில்தான் தோற்றாள். மறுநாள் நான் ஆட்டுக்கறி வாங்கிச் சமைத்தேன்.

"என்ன விசேஷம்?" என்றார் அவர்.

"சும்மாதான்."

அடுத்த முறை ஜெயித்தாள். அப்புறம் நாடாளுமன்றம். டிவியில் அவள் மலாய் பேசும்போதெல்லாம் நான் பிழை தேடுவேன். வருஷம் போகப் போக அதுவும் கிடைக்காமல் போயிற்று.

போன சனிக்கிழமை குளுவாங்கில் ஒரு மண்டபத்தில் அவளுக்குப் பாராட்டு விருந்து. மகள் இழுத்துக்கொண்டு போனாள். வரிசையில் நின்றேன். அவளே பார்த்துவிட்டாள்.

"பிலோ!" என்று கட்டிப்பிடித்தாள். சுற்றி நின்றவர்களிடம், "எனக்கு மொத மொத பேச்சு எழுதிக் குடுத்தவ இவதான்" என்றாள். எல்லாரும் என்னைப் பார்த்துக் கைகூப்பினார்கள். அந்தப் பெருந்தன்மையும் அவளுக்கே இருக்க வேண்டுமா என்று அப்போதும் எனக்கு எரிந்தது.

அவள் காதோடு சொன்னேன். "அன்னிக்கு எனக்கு லைன் லீடர் போஸ்ட் தர்றேன்னு சொல்லியிருந்தாங்க. அதான் எழுந்திரிக்கல."

"உனக்கு நீலத் தொப்பி வந்தப்பவே தெரிஞ்சுபோச்சு டீ. கூட்டத்துக்கு மொத நாள் சூப்பர்வைசர் எனக்கும் அதையேதான் சொன்னாரு. 'அடுத்த மாசம் லைன் லீடர் நீதான், பேசாம இரு'ன்னு."

அதற்குள் அடுத்த ஆள் செல்பிக்கு வந்துவிட்டார்.

அன்று ஒரே மெத்தையில் படுத்து, ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி ஒரே ரகசியத்தை வைத்திருந்தோம். இன்று அவள் மந்திரிகள் இருக்கும் புத்ராஜெயாவில். நான் கூலாயில், கைப்பேசியில் அவளுடைய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு...

லைக் போட்டுவிட்டேன். பொறாமை இன்னும் போகவில்லை.