என் தொண்டையில் நின்றது பொறாமை அல்ல

தை மாதக் கடைசியில் என் தங்கை செல்விக்கு நிச்சயதார்த்தம். பந்தியில் நான் வாயில் வைத்த இரண்டாவது கவளம் நெஞ்சுக்கு மேலே நின்றுவிட்டது. தண்ணீர் குடித்தும் இறங்கவில்லை. கொல்லைப்பக்கம் ஓடித் துப்பிவிட்டு வந்தேன். அத்தை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

“படிச்ச புள்ளைக்குத் தங்கச்சி தாலி தொண்டையில மாட்டிக்கிச்சு போலருக்கு!”

பந்தியே சிரித்தது.

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் என்னைத்தான் பெண் பார்க்க வந்தார்கள். எங்கள் வம்சத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். பரமக்குடியில் தங்கி விலங்கியல் பட்டம் வாங்கியவள். மாப்பிள்ளை பள்ளி ஆசிரியர். எனக்கே எழுதி வைத்த இடம் என்று நினைத்திருந்தேன். காபி கொண்டுவந்த செல்வியைப் பார்த்துவிட்டு, “சின்னவளக் குடுங்க” என்று கேட்டார்கள். ஐந்தாவதோடு நின்று ஆடு மேய்க்கப் போனவள் அவள்.

நிச்சயம் நடந்த அன்றிரவு எங்கள் ஊர்க் காளியம்மனிடம் நான் வேண்டியதை மறைக்காமல் எழுதுகிறேன். அந்தக் கல்யாணம் நின்றுபோக வேண்டும் என்று வேண்டினேன்.

கல்யாண ஏற்பாடு நிற்கவில்லை. என் சாப்பாடுதான் நின்றது. கஞ்சி இறங்கும், சோறு இறங்காது. மாசிப் பாதிக்குள் ரவிக்கையெல்லாம் தொளதொளத்துவிட்டது. தொண்டையில் எதுவோ சிக்கியிருக்கிறது என்று அம்மா என்னைத் தொக்கம் எடுக்கிற கிழவியிடம் கூட்டிப்போனாள். கிழவி என் கழுத்தை நீவி, ஊதி, ஒரு துண்டு இறைச்சியை எடுத்துக் காட்டினாள். நான் இறைச்சி தின்று மூன்று மாதம் ஆகியிருந்தது. பட்டம் வாங்கிய நான் அங்கே வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. பக்கத்து டவுன் டாக்டரும் தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “மனசுல ஏக்கம். கல்யாணம் பண்ணி வைங்க” என்றார்.

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பொறாமைக்குச் சோற்றை நிறுத்துகிற பலம் உண்டோ?

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் அழுதுகொண்டே சொன்னேன்: “பொறாமை இருக்கு தாயே. இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா சோறு எறங்காதது அதனால இல்ல. உனக்குத் தெரியும். யார் வாயிலயாவது வந்து சொல்லு.”

அன்று சாமியாடி எல்லோருக்கும் வாக்குச் சொன்னார். என்னைத் தாண்டிப் போகும்போது நிற்கக்கூட இல்லை. செத்துப்போய்விடுவேன் என்று முடிவு செய்துகொண்டேன்.

பங்குனியில் வைத்தியத்துக்காக மதுரைக்குப் போனோம். மிளகாய்ப் பழம் பறிக்கிற நேரம். அய்யாவும் அம்மாவும் வயலை விட்டு வர முடியவில்லை. துணைக்கு வந்தவள் செல்வி. நிச்சயத்துக்கு எடுத்த புதுச்சேலையில் வந்தாள். பஸ்ஸில் அவள் பக்கம் நான் திரும்பவே இல்லை.

மதுரை டாக்டரும் டவுன் டாக்டர் எழுதிய சீட்டைப் படித்துவிட்டு, “வீட்ல ஏதாவது பிரச்சினையா?” என்றுதான் தொடங்கினார். நான் தலைகுனிந்தேன். செல்வி முன்னால் வந்தாள்.

“இல்ல சார். ஊர்ல எல்லாரும் இவ பொறாமையில திங்க மாட்டேங்கிறாங்குறாக. நான் பொறந்ததுலருந்து இவகூடத்தான் உக்காந்து திங்கிறேன். இவளுக்கு எப்பவுமே எறங்காது. ஒரு வாய்க்கு ஒரு செம்புத் தண்ணி குடிப்பா. நான் தின்னு முடிச்சுக் கைகழுவிட்டு வந்தாலும் பாதித் தட்டு அப்படியே இருக்கும். இப்பத்தான் சாஸ்தியாயிருக்கு. நல்லாப் பாருங்க சார்.”

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். வெள்ளையாக ஒரு மருந்தைக் குடிக்க வைத்துப் படம் எடுத்தார்கள். பிறகு ஸ்கேன். வலது கைக்குப் போகும் ரத்தக்குழாய், இதயத்திலிருந்து வரும் பெரிய குழாயின் வளைவில் முதல் கிளையிலிருந்து பிரிய வேண்டும். எனக்கு அது கடைசியாக, இடது பக்கத்தில் கிளம்பி, உணவுக்குழாயின் பின்னால் சுற்றி வலப்பக்கம் வருகிறது. அங்கேதான் நெரிக்கிறது. கருவிலேயே அப்படி அமைந்துவிட்டது. இந்த வளைவைக் கல்லூரியில் எத்தனையோ முறை வரைந்து மதிப்பெண் வாங்கியவள் நான். எனக்குள்ளே அது வேறு மாதிரி இருந்தது.

“பொறாமைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா” என்றார் டாக்டர். அந்த ஒரு வாக்கியத்துக்காக எத்தனை நாள் ஏங்கினேன்! ஆனால் அது யார் வாயிலிருந்து தொடங்கியது என்று நினைத்தபோது மறுபடி நெஞ்சு எரிந்தது. இதிலும் அவளே ஜெயித்துவிட்டாளே என்று. பிறகுதான் உடல் சிலிர்த்தது. யார் வாயிலாவது வந்து சொல் என்று நான்தானே கேட்டேன்.

சித்திரையில் அறுவை சிகிச்சை நடந்தது. அந்தக் குழாயை இடம் மாற்றித் தைத்தார்கள். ஐந்தாம் நாள் செல்வி இட்லியைப் பிட்டு ஊட்டினாள். தண்ணீர் இல்லாமல் இறங்கியது. இருவரும் சத்தம் போட்டு அழுதோம்.

செல்வியின் கல்யாணமும் நல்லபடியாக நடந்தது. இன்று அவள் கணவரைப் போல நானும் ஆசிரியை. அவள் வீட்டுக்குப் போய் வரும்போது சில நாள் பழைய எரிச்சல் எட்டிப் பார்க்கும். நேரே கோயிலுக்குப் போய் அதை அப்படியே சொல்லிவிடுவேன்.

உங்கள் மனதில் அழுக்கு இருக்கிறது, எப்படி அம்மன் முன்னால் போய் நிற்பது என்று தயங்காதீர்கள். கழுவிக்கொண்டு போக வேண்டியதில்லை. அப்படியே போய் நில்லுங்கள். அவள் பதில் சொல்வாள். நீங்கள் பார்க்க விரும்பாத முகத்திலிருந்து அது வந்தால், அன்று காதைப் பொத்திக்கொள்ளாதீர்கள்.