வெள்ளிக்கிழமை வெல்லத்தண்ணி

சுகர்காரிக்குப் புருஷனா இருக்கறதும் ஒரு உத்தியோகம்தாங்க. லீவு கிடையாது, ரிலீவர் வரமாட்டான், தப்பு பண்ணா மெமோ மட்டும் உடனே வந்துடும். சம்பளத்துக்கு நான் பாக்கற வேலை கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில இரும்பு லாரிக்கு எடை போடறது. அது சுலபம். இந்த இன்னொரு உத்தியோகத்துல என்னை மாதிரி மாட்டிக்கினு முழிக்கிறவங்க யாராவது இருந்தா, இதைப் படிச்சாவது உஷாரா இருங்க.

எறும்பு

பொங்கல் முடிஞ்சதும் பாத்ரூம்ல எறும்பு வர ஆரம்பிச்சுது. சுவத்தோரமா ஒரே கோடு. பினாயில் ஊத்துவேன், மறுநாள் அதே இடத்துல அதே கோடு. என் சம்சாரம் சரளா போய்ட்டு வந்த பிறகுதான் அது வருதுன்னு புரியவே ஒரு வாரம் ஆச்சு. ஒருநாள் அவ குந்திக்கினு துணி தோய்க்கிறா, புடவை ஓரத்துல வரிசையா ஏறுது. அவளுக்குத் தெரியவே இல்ல. அன்னிக்கே ரத்தம் டெஸ்ட் பண்ணக் கூட்டிக்கினு போனேன்.

லேப்ல ரிசல்ட்டைப் பாத்த பொண்ணு, சரளாவை ஏற இறங்கப் பாத்துச்சு. "இவ்ளோ சுகரை வெச்சுக்கிட்டு எப்படிக்கா நடந்து வந்தீங்க?"

மாத்திரை டூட்டி

நாஷ்டாவுக்கு முன்ன ஒரு மாத்திரைன்னு டாக்டர் எழுதிக் கொடுத்தார். மொத்தப் பொறுப்பையும் நானே எடுத்துக்கினேன். வீட்ல இருந்த சர்க்கரை, வெல்லம் எல்லாம் அன்னிக்கே வெளியே போச்சு. தினம் காலையில எட்டு மணிக்கு, லாரி எடை மேடையில நிக்கும்போதே போன் போடுவேன்.

"மாத்திரை போட்டியா?"

"போட்டாச்சு."

"சாப்ட்டியா?"

"ஆங்... ஆச்சுய்யா."

ஒரு டிரைவர் இதைத் தினம் கேட்டுக் கேட்டுக் கடுப்பாயிட்டான். "இன்னா சார், ஊட்டுக்காரம்மாவையும் எடை போட்டுக்கினு கீறியா?"

முட்டி வரைக்கும்

அந்த வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிஞ்சு மூணு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். கதவு தொறந்து கிடக்கு. சரளா தலையை விரிச்சுப் போட்டுக்கினு நடு ஹால்ல உக்காந்திருக்கா. ஃபேன் ஓடுது, ஆனா அவ மேல வேர்வை கொட்டுது. "யாரு நீ?"ன்னு என்னைக் கேட்டா. அது அவ குரலே இல்ல. அப்புறம் புடவையைத் தூக்கிப் பிடிச்சா. "தண்ணி வந்துட்ச்சு. முட்டி வரைக்கும் வந்துட்ச்சு." தரை காஞ்சு கிடக்கு. ஆனாலும் நான் குனிஞ்சு பாத்தேங்க.

பக்கத்து வீட்டு தேசம்மாக்கா எட்டிப் பாத்து, கையெடுத்துக் கும்பிட்டு, ஓடிப்போய் ஒரு சொம்பு பானகம் கரைச்சுக்கினு வந்து வாயில ஊத்துச்சு. கால் மணி நேரத்துல சரளா கண்ணைத் தொடச்சுக்கினு, "எப்ப வந்தய்யா?"ன்னு கேக்கறா.

அக்கா அவ தலையை முடிஞ்சு விட்டுக்கினே சொல்லுச்சு: "ஆத்தா எறங்கிகீறா தம்பி. பானகம் குட்ச்சதும் குளுந்து போய்ட்டா."

குறி

அடுத்த வெள்ளி, அதே மூணு மணி. நான் வரதுக்குள்ள வாசல்ல நாலு பொம்பளைங்க. "என் பொண்ணை உட்டுட்டுப் போன மருமவன் வருவானா தாயே?"ன்னு அக்கா கேக்குது. சரளா அக்காவைப் பாக்கல, தெருவைப் பாத்தா. "செருப்பைக் கழட்றான்"னா. சாயந்தரம் அந்த மருமவன் பையும் கையுமா வந்து, அக்கா வாசல்ல செருப்பைக் கழட்டினான்.

ஆனா அதுக்கு முன்னயே அக்கா மறுபடி பானகம் ஊத்திடுச்சு. "சுகர் இருக்கறவளுக்கு வெல்லமாக்கா?"ன்னு கத்தினேன். அக்கா அசரல. "சுகர் அவளுக்கு தம்பி. குடிக்கிறது ஆத்தா."

மூணாவது வெள்ளி

பர்மிஷன் போட்டு முன்னாடியே வந்து கதவை மறிச்சு நின்னேன். சரளாவுக்கு வேர்த்துக் கொட்டுது. "கழுத்து வரைக்கும்..."ங்கறா. அக்கா சொம்போட வருது. "ஊத்தாதே! ஒரு சொட்டு உள்ள போவக்கூடாது!"ன்னு கையைப் பிடிச்சுக்கினேன். அப்புறம் சரளா பேசவே இல்ல. கண்ணு மட்டும் தொறந்திருக்கு. தொட்டா ஐஸ் மாதிரி கை. அக்கா என்னைத் தள்ளிவிட்டு ஊத்துச்சு. பாதி வழிஞ்சுது, பாதி முழுங்கினா. ஆட்டோவுல போட்டுக்கினு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"காலையில இன்னாம்மா சாப்ட்ட?"ன்னு நர்ஸ் கேட்டாங்க. அப்பதான் சரளா வாயைத் தொறந்தா. சுகர் வுட்டுப் போவணும்னு அம்மனுக்கு வேண்டிக்கினு, மூணு வாரமா வெள்ளிக்கிழமை பட்டினி. விளக்கு வெச்சப்புறம்தான் சாப்பாடு. நான் திட்டுவேன்னு சொல்லல. நான் திட்டுவேன்னு மாத்திரையையும் விடல.

நர்ஸ் என் பக்கம் திரும்பினாங்க. "இந்த மாத்திரையைப் போட்டுட்டுப் பட்டினி கிடந்தா சுகர் அடியோட எறங்கிடும் சார். அந்த வெல்லத்தண்ணியாலதான் இவங்களைத் திரும்பப் பாக்கறீங்க."

இட்லி

இப்பல்லாம் வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு, போன்ல எனக்குக் கேக்கற மாதிரி மென்னுக்கினேதான் பேசறா. மூணு மணிக்கு வாசல்ல ஒருத்தரும் நிக்கறதில்ல. தேசம்மாக்காவுக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.

போன வாரம் கீரை ஆய்ஞ்சுக்கினு இருந்தவ, தலை நிமிராமலே சொன்னா: "அன்னிக்குக் கண்ணு இருட்டிக்கினு பேச்சே வர்லய்யா. ஆனா நீ 'ஊத்தாதே'ன்னது மட்டும் நல்லா கேட்டுச்சு."

அன்னையிலேர்ந்து என் சட்டைப் பையில எந்நேரமும் ரெண்டு வெல்லக்கட்டி இருக்கு. எறும்புங்க இப்ப என்னைத் தேடித்தான் வருது.