சொர்க்கம் வரை எட்டும் வாடை

ராஜசேகரன் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். இங்கிலீஷ் என்றாலே ஒதுங்கிப் போகிற மனுஷன். அப்படிப்பட்டவர் ஒரு வாரமாக ஒரே வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்: "இட் ஸ்டிங்க்ஸ் டு ஹை ஹெவன்."

திருமுல்லைவாயிலில் அவர்கள் குடியிருப்புக்குப் பின்னால் கோழிக் கழிவை வேகவைக்கும் ஷெட் ஒன்று முளைத்திருந்தது. மாலையானால் குடலைப் பிடுங்கும் நாற்றம். மனைவி அன்னம்மாளுக்கு ஏற்கெனவே இளைப்பு. இப்போது உட்கார்ந்தபடியேதான் தூங்குகிறாள். ஷெட்டை மூடினால்தான் அவளுக்கு மூச்சு.

வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்தவர் எதிர்வீட்டு இராமகிருஷ்ணன், ஓய்வு பெற்ற இங்கிலீஷ் வாத்தியார்.

"முதல்ல இதைப் பாவத்துக்குத்தான் சொன்னாங்க ராஜசேகர். செஞ்ச குத்தத்தோட நாத்தம் மேல கடவுள் வரைக்கும் எட்டுமாம். அப்புறம் வெறும் கெட்ட வாடைக்கும் வந்துடுச்சு. ஷெட்டைப் பாக்க மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி வந்தா நீங்க இதைச் சொல்லுங்க. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

அந்தக் கடைசி வார்த்தையை நம்பித்தான் ராஜசேகரன் முன்னால் போய் நின்றார். அதிகாரி வந்த காலை வேளையில் பாழாய்ப்போன ஷெட் ஓடவில்லை. இருந்தாலும் தன் வாக்கியத்தைத் தடுமாறாமல் சொல்லி முடித்தார். அதிகாரி வாத்தியாரைப் பார்த்தார்.

"எனக்கு அப்படி ஒண்ணும் தெரியலையே சார். இவருக்கு மூக்கு கொஞ்சம் ஓவர்," என்றார் வாத்தியார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதிகாரி கிளம்பிவிட்டார். கூடவே இருந்து குழி பறித்தானே என்று ராஜசேகரனுக்கு வயிறு எரிந்தது.

காரணம் சாயங்காலம் தெரிந்தது. வாத்தியாரின் வீட்டை விலைக்குப் பார்க்க ஓர் இளம் ஜோடி வந்திருந்தது. புகார் கீகார் என்று பதிவானால் யார் வாங்குவார்கள்? ஜன்னல்களை எல்லாம் இறுகச் சாத்தி, புதன்கிழமையும் அதுவுமாக வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டிருந்தார். அந்தப் புகையும் கதவிடுக்கில் வந்து அன்னம்மாளைத்தான் இருமவைத்தது.

வெளியே வந்த பெண், வாசலில் நின்ற ராஜசேகரனிடம் கேட்டாள். "அங்கிள், இந்தப் பக்கம் ஏதாச்சும் வாடை வருமா?"

அவளுக்குப் பின்னால் வாத்தியார் நெஞ்சருகே கை கூப்பிக் கெஞ்சினார்.

"நான் சொன்னா என் மூக்கு ஓவருன்னுவாரு வாத்தியாரு. நீயே உள்ள போயி ஜன்னல தொறந்து பாரும்மா."

திறந்தாள். துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு, புருஷன் கையைப் பிடித்து இழுத்தபடி படியிறங்கினாள்.

இனி வாத்தியாரும் இங்கேயேதான் இருக்கப்போகிறார், ஷெட்டும்தான். ராஜசேகரன் கதவைச் சாத்திவிட்டு, இருமிக்கொண்டிருந்த அன்னம்மாளின் முதுகைத் தடவிக்கொடுத்தார்.